சொல் நண்பர்கள்

நாநலத்தைப் பெருஞ்செல்வமாகப் போற்றுவது தமிழர் மரபு. திருவள்ளுவர் ‘சொல்வன்மை’ என்று தனியோர் அதிகாரமே வகுத்தார். நம் தமிழ்ப்பள்ளிகளில் பேச்சுப் போட்டி நடைபெறாத ஆண்டில்லை. இத்தகைய சமுதாயத்தில், வாய் திறந்தால் சொல் திக்கும் பிள்ளையின் நிலை யாது?

நூறு பிள்ளைகளுள் ஏறத்தாழ 5 பேர் இளமையில் ஏதேனும் ஒரு காலத்தில் திக்கிப் பேசுவர் என்பர் ஆய்வாளர். அவர்களுள் பெரும்பாலோர்க்கு அது தானே நீங்கிவிடும். பெரியவர்களுள் நூற்றுக்கு ஒருவர் அளவில் அது நிலைத்திருக்கும். மூளையில் பேச்சை இயக்கும் பகுதிகளின் செயற்பாடும் மரபு வழியும் இதற்குத் தொடர்புடையவை. அறிவுக் குறைவோ பெற்றோரின் வளர்ப்போ காரணமன்று. இவற்றை அறிவியல் தெளிவுபடுத்தும் முன்னரே, திக்கிப் பேசுவோர் தம் துன்பத்தின் பெரும்பகுதி தனிமையால் விளைவது என்பதைத் தாமே கண்டுகொண்டனர். அவ்வாறு கண்டு ஒன்றுகூடியோரின் வரலாற்றில் ஜப்பானுக்குச் சிறப்பான இடமுண்டு.

ஜப்பானில் இவ்வரலாறு ஓர் ஆசிரியரிடமிருந்து தொடங்குகிறது. இசாவா ஷூஜி (1851–1917) என்பவரை 1875-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு அமெரிக்காவுக்கு அனுப்பியது. மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆசிரியர் பயிற்சிப் பள்ளியொன்றில் பயின்ற அவருக்கு ஆங்கில ஒலிகள் எளிதில் வசப்படவில்லை. எனவே, தொலைபேசியால் பின்னர்ப் புகழ்பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல்லை நாடினார். ஒவ்வோர் ஒலிக்கும் நாவும் இதழும் தொண்டையும் கொள்ளும் நிலையைக் குறியீடுகளால் காட்டும் முறையை அவரிடம் கற்றார். தாயகம் திரும்பியபின் டோக்கியோ ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் தலைவராகவும், பள்ளிகளில் இசைக்கல்வியை வேரூன்றச் செய்தவராகவும் விளங்கினார். 1903-ஆம் ஆண்டில் ‘ராகுசெகிஷா’ என்னும் நிலையத்தை நிறுவித் திக்குவாய் திருத்தும் பணியில் ஈடுபட்டார்.

அப்பணியை நாம் குறைத்து மதித்தல் ஆகாது. 1841-ஆம் ஆண்டில் பெர்லின் நகர அறுவை மருத்துவர் டீஃபென்பாக், திக்குதலைப் போக்கவென்று நாவின் அடிப்பகுதியையே வெட்டினார். கத்தி எடுத்த காலத்தோடு ஒப்பிட, மூச்சும் ஒலியும் பழக்கிய ஆசிரியர் பன்மடங்கு உயர்ந்தவர். ஆயினும் திருத்தம் ஒன்றே குறிக்கோளானபோது, திருந்தாதவன் ‘என் முயற்சி போதவில்லை’ என்று தன்னையே நொந்துகொண்டான். தோல்வியும் அவன் பொறுப்பாயிற்று.

1965-ஆம் ஆண்டில் டோக்கியோவில் இத்தகைய திருத்த நிலையம் ஒன்றில் இத்தோ ஷின்ஜி என்னும் 21 வயது இளைஞர் சேர்ந்தார். இரண்டாம் வகுப்பில் பயின்றபோது பள்ளி நாடகத்தில் வசனமுள்ள வேடம் தமக்கு மறுக்கப்பட்டது என்றும், திக்குதல் இழிவென்னும் எண்ணம் அன்றே தம் நெஞ்சில் விழுந்தது என்றும் அவர் பிற்காலத்தில் கூறியுள்ளார். நிலையத்தில் முப்பது நாள் கடுமையாகப் பயின்றார். திக்குதல் நீங்கவில்லை. ஆனால் அதுவரை கிடைக்காத ஒன்று அங்கே கிடைத்தது. தம்மைப் போன்றே திக்கும் பலரை முதன்முதலாகக் கண்டார். முகம் தாழ்த்தாமல் பேசினார். பிறர் காத்திருந்து கேட்டனர்.

அந்நட்பு வளர்ந்து 1960-களின் நடுவில் ‘கென்யூகாய்’ என்னும் சங்கமாயிற்று. ‘சொல் நண்பர் கழகம்’ என்று அதனைத் தமிழாக்கலாம். நாளடைவில் ஜப்பானிய நகரங்கள் பலவற்றில் அதன் கிளைகள் தோன்றின. 1976-ஆம் ஆண்டில் அச்சங்கத்தார் ஓர் அறிக்கை வெளியிட்டனர். திக்குதல் நீங்கும் நாளுக்காக வாழ்க்கையைத் தள்ளிவைக்காமல், திக்கியபடியே வாழத் துணிவோம் என்பது அதன் சாரம். சிகிச்சையைக் கைவிடுவதா என்று எதிர்த்தோரும் உண்டு. அவ்வினாவும் நியாயமானதே. இளம் பிள்ளைகளுக்குப் பேச்சுச் சிகிச்சை பயன் தருகிறது. அதனை மறுத்தல் கூடாது. ஆனால் சிகிச்சைக்காகக் காத்திருக்கும் பிள்ளைக்கும் இன்றைய நாள் ஒன்றுண்டல்லவா?

ஏனைய நாடுகளிலும் இவ்வாறே சங்கங்கள் எழுந்தன. அமெரிக்காவில் 1977-இலும் பிரிட்டனில் 1978-இலும் திக்கிப் பேசுவோர் தேசிய அளவில் அமைப்புகள் கண்டனர். 1986-ஆம் ஆண்டில் கியோட்டோ நகரில் அவர்களின் முதல் உலக மாநாடு கூடியது. 1995-ஆம் ஆண்டில் சுவீடனில் கூடிய மாநாட்டின்போது அனைத்துலகச் சங்கம் உருவாயிற்று. 1998 முதல் அக்டோபர் 22-ஆம் நாள் திக்குதல் பற்றிய அனைத்துலக விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. இன்று கடல் கடந்தோரும் திரைவழியே முகம் பார்த்துக் கூடுகின்றனர்.

இத்தோ அவர்களின் பள்ளி நாடகச் செய்தியைப் படித்த அன்று என் நெஞ்சம் குறுகுறுத்தது. நான் பயிற்சி ஆசிரியனாக இருந்த காலத்தில் என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். வருகைப் பதிவுக்கு ‘உள்ளேன் ஐயா’ என்று சொல்ல முயலும்போதெல்லாம் முதல் எழுத்திலேயே நின்றுவிடுவான், வகுப்பு சிரிக்கும். ‘நீ கையை மட்டும் உயர்த்தினால் போதும்’ என்றேன். பாடம் வாசிக்கும் முறை அவனிடம் வரும்போது அடுத்தவனை அழைத்தேன். அதனை இரக்கம் என்றே எண்ணினேன். அவ்வாண்டு முழுவதும் அவன் குரலை நான் கேட்கவில்லை. சிரித்தவர்களைத் திருத்த வேண்டிய நான், அவனை அல்லவா அமைதியாக்கினேன்!

ஆசிரிய நண்பர்களே, நாம் மருத்துவர் அல்லர். எனினும் நம்மால் இயன்றவை சில உண்டு. திக்கும் பிள்ளையின் சொல்லை நாம் முந்திக்கொண்டு முடிக்காதிருக்கலாம். ‘மெதுவாகப் பேசு’ என்று எல்லோர் முன்னும் கூறாதிருக்கலாம். எவ்வாறு பங்குகொள்ள விரும்புகிறாய் என்று அவனையே தனியே கேட்கலாம். சிகிச்சைக்கு வழிகாட்டலாம். உன்னைப் போன்றோர் உலகெங்கும் உள்ளனர், கூடிப் பேசுகின்றனர் என்னும் செய்தியைச் சொல்லலாம். அவனுடைய முறை வரும்போது தாண்டிச் செல்லாமல், அந்தச் சில நொடிகள் காத்திருக்கலாம். நான் காத்திருக்கவில்லை. நீங்கள் காத்திருங்கள்.