பூனைக்காலியும் சர்ப்பகந்தாவும்: நடுக்குவாத மருந்தின் சங்கிலித்தொடர்

தமிழில் நடுக்குவாதம் என்றும், ஆயுர்வேதத்தில் கம்பவாதம் என்றும், இன்றைய அரபு மருத்துவ வழக்கில் அஷ்ஷலலுர் ரஆஷ் என்றும் குறிக்கப்பெறும் நோயை உலகம் பார்க்கின்சன் நோய் என அறிகிறது. 1817ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பார்க்கின்சன் எனும் இலண்டன் மருத்துவர் ஆறு நோயாளிகளைக் கண்டு, அவர்தம் கைநடுக்கத்தையும் குனிந்த நடையையும் ஒரு சிறு நூலில் விவரித்தார். பின்னர் பிரெஞ்சு மருத்துவ அறிஞர் ஷார்கோ அந்நோய்க்கு அவர் பெயரையே வழங்கினார்.

நடுக்கத்தை மருத்துவ நூலார் அதற்கு முன்பே அறிந்திருந்தனர். அறிஞர் இப்னு ஸீனா (கி.பி. 980 - 1037) தமது 'அல்கானூன்' நூலின் மூன்றாம் பாகத்தில், நரம்பு நோய்களின் வரிசையில் 'ரஃஷா' எனும் நடுக்கத்தைத் தனியே எடுத்து ஆராய்கிறார். ஆயினும் அச்சொல் எல்லா வகை நடுக்கங்களுக்கும் பொதுவானது. பார்க்கின்சன் விவரித்த ஒரே நோயை மட்டும் அது சுட்டவில்லை. இவ்வேறுபாட்டை மறந்து பெருமை பேசுவது அறிவுக்கு அழகன்று.

இவ்வளவு பழைமையான துன்பத்திற்கு 1960களில்தான் பயனுள்ள மருந்து கிடைத்தது. ஏன் இத்தனை காலம் ஆயிற்று? அம்மருந்து கிடைத்த வழியைத் தேடிச் சென்றால், நம் மண்ணில் வளரும் இரு மூலிகைகளையும், டில்லியிலும் சென்னையிலும் இயங்கிய இரு ஆய்வகங்களையும் நாம் கடந்தாக வேண்டியுள்ளது.

முதல் மூலிகை சர்ப்பகந்தா. பித்துக்கும் தூக்கமின்மைக்கும் நம் நாட்டு வைத்தியர்கள் அதன் வேரை நெடுங்காலம் வழங்கி வந்தனர். யூனானி மருத்துவத்தின் தலைமகனாகத் திகழ்ந்த ஹகீம் அஜ்மல் கான் அவர்கள் டில்லியில் ஆயுர்வேத, யூனானி திப்பியா கல்லூரியை நிறுவினார்கள். 1921இல் அதனைக் காந்தியடிகள் திறந்து வைத்தார். பழைய மூலிகைகளை நவீன வேதியியலின் உரைகல்லில் உரைத்துப் பார்க்க வேண்டும் என்பது ஹகீம் அவர்களின் விருப்பம். அப்பணிக்கு, ஜெர்மனியில் பயின்ற ஸலீமுஸ்ஸமான் ஸித்தீக்கி எனும் இளம் வேதியியலாரைத் தேர்ந்தார்கள். 1927இல் ஹகீம் அவர்கள் மறைந்தார்கள். 1931இல் சர்ப்பகந்தாவின் வேரிலிருந்து ஸித்தீக்கி பிரித்தெடுத்த பொருள்களில் ஒன்றுக்கு, அவர்கள் நினைவாக 'அஜ்மலின்' என்று பெயரிடப்பட்டது. அதே வேரிலிருந்து ரெசர்ப்பின் எனும் மற்றொரு பொருளை 1952இல் சுவிட்சர்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தனர். அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே, 1949இல், பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் சர்ப்பகந்தா குருதி அழுத்தத்தைத் தணிப்பதைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழொன்றில் எழுதி, உலகின் கவனத்தை அவ்வேரின்பால் திருப்பியிருந்தார்.

இரண்டாம் மூலிகை பூனைக்காலி. சேலம், நாமக்கல் சமவெளியில் வாழ்வோருக்கு இக்கொடியை அறிமுகப்படுத்த வேண்டுவதில்லை. வேலியோரங்களிலும் புதர்களிலும் படர்ந்து, பழுப்பு நிறச் சுணைகள் அடர்ந்த காய்களைத் தொங்கவிடும். தொட்டால் தாங்கவொண்ணா அரிப்பு. ஆகவே ஆடு மேய்க்கும் சிறுவரும் விலகியே நடப்பர். ஆனால் அதன் விதையோ நாட்டு மருந்துக் கடைகளில் விலைபோகும் சரக்கு. இவ்விதையிலிருந்து 1937ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த எம். தாமோதரனும் ஆர். இராமசாமியும் லெவோடோப்பா எனும் பொருளைப் பிரித்தெடுத்து, பயோகெமிக்கல் ஜர்னல் இதழில் வெளியிட்டனர். 1913இல் ஐரோப்பாவில் வேறோர் அவரையினத்திலிருந்து கிடைத்திருந்த அதே பொருள்தான் அது. எனினும் அது நோய் தீர்க்கும் என்று அன்று உலகில் எவரும் அறிந்திலர். மறு ஆண்டு, 1938இல், உடலிலுள்ள ஒரு நொதி லெவோடோப்பாவை டோப்பமின் ஆக மாற்றுகிறது என்பதை ஜெர்மானிய அறிஞர் பீட்டர் ஹோல்ட்ஸ் கண்டார். அப்போதும் டோப்பமின் வெறும் இடைநிலைப் பொருளாகவே கருதப்பட்டது.

இவ்விரு மூலிகைகளின் வரலாறும் 1957இல் சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில், ஓர் ஆய்வகத்தின் முயல்களிடத்தில் சந்தித்தன. அர்வித் கார்ல்சன் எனும் நரம்பியல் அறிஞர், சர்ப்பகந்தாவின் ரெசர்ப்பினை முயல்களுக்குச் செலுத்தினார். அவை அசைவற்றுச் சோர்ந்தன. பின்னர் லெவோடோப்பாவைச் செலுத்தினார். சற்று நேரத்தில் அவை எழுந்து நடமாடின. ஒன்று மூளையின் டோப்பமினை வறளச் செய்தது. மற்றொன்று அதனை மீண்டும் நிரப்பியது. ரெசர்ப்பின் உட்கொண்ட மனிதர் சிலரிடமும் பார்க்கின்சன் நோயை ஒத்த விறைப்பும் நடுக்கமும் தோன்றியிருந்தன. டோப்பமின் மூளையில் தனித்ததொரு செய்தியாளராய்ப் பணிபுரிகிறது என்றும், அதன் குறைவே இந்நோய்க்கு அடிப்படையாகலாம் என்றும் கார்ல்சன் வாதிட்டார். இப்பணிக்காக 2000ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

அவர் கருத்தை மனித மூளையில் மெய்ப்பித்தவர் வியன்னா நகரின் ஓலெ ஹார்னிகீவிச். இந்நோயால் இறந்தோரின் மூளைகளை ஆராய்ந்து, அவற்றின் உட்பகுதியில் டோப்பமின் பெரிதும் குன்றியிருப்பதை 1960இல் வெளியிட்டார். டோப்பமினை நேரே கொடுத்தால் அது குருதியிலிருந்து மூளைக்குள் புக இயலாது. லெவோடோப்பாவுக்கோ அவ்வாயில் திறந்திருக்கிறது. உட்புகுந்தபின் அது டோப்பமினாக மாறுகிறது. 1961இல் அவரும் மருத்துவர் பிர்க்மையரும் லெவோடோப்பாவை நரம்பூசி வழியே செலுத்தியபோது, படுக்கையினின்று எழவும் இயலாதிருந்தோர் எழுந்து நடந்தனர். ஆயினும் அப்பயன் சில மணி நேரமே நீடித்தது. 1967இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ் டோப்பாவை வாய்வழியே, சிறிது சிறிதாக அளவைக் கூட்டிக் கொடுத்து, நிலைத்த பயன் கண்டார். அவ்வழி வந்ததே இன்று உலகெங்கும் வழங்கும் மாத்திரை.

ஹதீஸ் கலையில் ஒரு செய்தியை ஏற்குமுன் அதன் இஸ்னாதை, அதாவது அறிவிப்பாளர் தொடரை, நாம் ஆராய்கிறோம். தொடரில் ஒருவர் விடுபட்டாலும் செய்தி பலவீனப்படும். அறிவியல் வரலாற்றுக்கும் இம்முறை பொருந்தும் என்பது நம் கருத்து. கார்ல்சனிலிருந்து தொடங்கும் வரலாறு டில்லியையும் சென்னையையும் விட்டுவிடுகிறது. அனைத்தும் நம் முன்னோர் நூல்களிலேயே உள்ளன என்று முழங்கும் வரலாறோ லுண்டையும் வியன்னாவையும் விட்டுவிடுகிறது. இரண்டுமே அறுந்த தொடர்கள். வைத்தியர் வேரையும் விதையையும் அறிந்திருந்தார். வேதியியலார் அவற்றுள் இருந்ததைப் பிரித்தறிந்தார். நரம்பியலார் அது மூளையில் என்ன செய்கிறது என்று வினவினார். சென்னையில் விடை 1937இலேயே புட்டியில் இருந்தது. அதற்குரிய வினா பிறக்க இருபதாண்டுகள் ஆயின. வினா இல்லாத இடத்தில் விடை ஊமையாகவே கிடக்கும். ஹகீம் அஜ்மல் கான் அவர்களின் பெருமை, தம் கலையின் மீது கேள்வி எழுப்ப அவர்களே ஒருவரை அமர்த்தியதில் இருக்கிறது.

இத்தொடர் இன்னும் முடியவில்லை. 2017இல் வெளியான ஆய்வொன்றில், பொலிவியா நாட்டில் 18 நோயாளிகளுக்கு வறுத்துப் பொடித்த பூனைக்காலி விதை ஒரு வேளை அளவாகக் கொடுக்கப்பட்டது. மாத்திரை வாங்க இயலாத ஏழையருக்கு அது உதவக்கூடும் என்ற நம்பிக்கை பிறந்தது. அடுத்து 14 பேரிடம் 16 வாரங்கள் நடந்த ஆய்வில், வயிற்று உபாதையாலும் நோய்க்குறிகள் கூடியதாலும் 7 பேர் விதைப்பொடியை இடையிலேயே நிறுத்தினர். மருந்துப்பொருள் விதையில் இருப்பது வேறு; விதையே மருந்தாகி விடுவது வேறு. மாத்திரையில் லெவோடோப்பாவுடன் கார்பிடோப்பா எனும் துணைப்பொருள் சேர்க்கப்படுகிறது. லெவோடோப்பா மூளையை அடையுமுன் உடலின் பிற பகுதிகளில் வீணாவதை அது தடுக்கிறது. விதையில் அத்துணை இல்லை.

நம் சிற்றூர்களில் முதியவரின் கை நடுங்கினால் மூப்பு என்றும், நடை தளர்ந்தால் விதி என்றும் சொல்லிப் பலர் அமைந்துவிடுகின்றனர். ஓய்வாக வைத்திருக்கும்போதே கை நடுங்குவது, எழுத்து வரவரச் சிறுத்துப் போவது, நடக்கையில் ஒரு கை வீசாமல் நிற்பது, முகம் உணர்ச்சி காட்டாமல் இறுகுவது ஆகியன நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டிய அறிகுறிகள். கிடைக்கும் மருந்து நோயை வேரறுப்பதில்லை. ஆண்டுகள் செல்லச்செல்லத் தானாக உடல் அசையும் பக்கவிளைவும் தோன்றலாம். ஆயினும் உணவைத் தம் கையால் உண்ணவும், தொழுகையில் தாமே எழுந்து நிற்கவும் பல்லாண்டுகள் அது துணைநிற்கிறது. மருத்துவர் அறியாமல் மாத்திரையை நிறுத்தி விதைப்பொடிக்கு மாறுவதும், இரண்டையும் சேர்த்து உண்பதும் ஆபத்தானவை.

டில்லியிலும் சென்னையிலும் உழைத்தோர் தம் பணி எங்கே போய்ச் சேரும் என்று அறியாமலே உழைத்தனர். அதன் பயன் நம் வீட்டு முதியவரைச் சென்றடையச் செய்வது அத்தொடரின் கடைசிக் கண்ணி. அக்கண்ணி நம் கையில் இருக்கிறது.