நேற்றைய பட்டியல்

ஆம்பூரையும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களையும் அறிந்தவர்கள், ஸ்திரீகள் வீட்டிலேயே உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைப்பதைப் பார்த்திருப்பார்கள். 'அப்பர்' என்பது அதற்கு அங்கே வழங்கும் பெயர். ஏஜெண்டு தோலும் நூலும் கொடுத்து, தைத்ததை எண்ணி வாங்கிப் போவார். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி.

இதே போலப் பெரிய வேலையொன்றைத் துண்டாக்கி வீடுகளுக்கு அனுப்பும் காரியத்தை, 1999 மே மாதம் அமெரிக்காவில் பெர்க்லி சர்வகலாசாலை விஞ்ஞானிகள் தொடங்கினார்கள். அரெசிபோ என்ற இடத்தில் 305 மீட்டர் அகலமுள்ள ரேடியோ தொலைநோக்கி ஒன்று இருந்தது. அது பதிவு செய்த வானத்து இரைச்சலை 107 விநாடித் துண்டுகளாக்கி, விருப்பமுள்ளவர்களின் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்பினார்கள். சொந்தக்காரர் காபி சாப்பிடப் போனதும் இயந்திரம் அந்த இரைச்சலில் வேற்றுலகத்தார் குரல் கேட்கிறதா என்று துழாவும். திட்டத்தின் பெயர் 'செட்டி அட் ஹோம்'. நம் செட்டியார்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கணக்கு என்னவோ கறார்தான்!

கூலி காலணா கிடையாது. ஆனால் யார் எவ்வளவு முடித்தார் என்று எல்லாரும் பார்க்கும்படி ஒரு பட்டியல் உண்டு. ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். பட்டியலில் ஏறும் ஆசையில் சிலர் செய்யாத வேலைக்குப் பொய்க் கணக்கு அனுப்பினார்கள். சம்பளமில்லாத உத்தியோகத்தில் மோசடி செய்ய மனிதனால்தான் முடியும்! பிறகு ஒரே துண்டைப் பலருக்கு அனுப்பி, விடைகள் ஒத்தால்தான் மதிப்பெண் என்று ஏற்பாடாயிற்று.

பட்டியல் இன்றைய நிலையை மட்டும் சொல்லும். நேற்று எந்த இடத்தில் இருந்தோம், யார் நம்மைத் தாண்டினார் என்று சொல்லாது. இதற்காகத் தொண்டர்களில் சிலர் சிறு நிரல்கள் எழுதிக்கொண்டார்கள். நிரல் என்பது கம்ப்யூட்டருக்கு இடும் கட்டளை வரிசை. அது தினமும் பட்டியலை வாங்கி, நேற்றையதோடு பொருத்திக் கழிக்கும். உங்களுக்கு முன்னால் இருப்பவர் 900 மதிப்பெண் அதிகம் வைத்திருக்கிறார் என்று கொள்ளுங்கள். அவர் நாளுக்கு 100 சேர்க்கிறார், நீங்கள் 130. முப்பதாம் நாள் எட்டிப் பிடித்துவிடலாம். அதற்குள் பின்னாலிருந்து ஒருவர் உங்களைத் தாண்டினால், மதிப்பெண் ஏறியும் இடம் இறங்கும்.

பொழுதுபோக்குதானே என்று சிரிக்கலாம். எனக்கு அதில் ஒரு பொறாமை உண்டு. ஒரு காசும் வாங்காதவர் தம் கணக்கைத் தாமே சரிபார்க்கிறார், ஊராரும் சரிபார்க்கலாம். அந்தக் கூலியில் அடுப்பு மூட்ட வேண்டிய ஆம்பூர்ப் பெண்ணின் பெயரோ கம்பெனியின் ஊழியர் பட்டியலில் இராது. ஏஜெண்டின் நோட்டுப் புத்தகத்தை விட்டால் அவள் உழைப்புக்கு வேறு சாட்சி ஏது?

வேற்றுலகக் குரல் அகப்படவில்லை. 2020 மார்ச் 31-ஆம் தேதியோடு புதிய துண்டுகள் அனுப்புவதை நிறுத்தினார்கள். அந்த வருஷம் டிசம்பர் முதல் தேதி அரெசிபோ தொலைநோக்கியும் இடிந்து விழுந்தது. பாக்கி விடைகள் வந்து சேர்ந்த பிறகு இன்றைய பட்டியலிலிருந்து நேற்றையதைக் கழித்தால், முதல்வர் முதல் கடைசி ஆள் வரை எல்லார் பெயருக்கு எதிரிலும் பூஜ்யம்.