ஐந்தடி ஆறங்குலம்

ரூஜ் ஆறு ஒன்ராறியோ ஏரியில் கலக்கும் இடத்தில் ஒரு றெயில் பாலம் இருக்கிறது. கோடையில் எம்மவர்கள் பிள்ளைகுட்டிகளோடு அந்தக் கடற்கரைக்கு (ஏரிக்கரை என்று சொல்ல இன்னும் வாய் வருவதில்லை) போய் வருகிறார்கள். பாலத்தை நிமிர்ந்து பார்ப்பவர்கள் குறைவு. 1856ஆம் ஆண்டு மொன்றியலையும் ரொறன்ரோவையும் இணைத்து கிராண்ட் ட்ரங்க் கம்பெனி இந்தக் கரையோரமாகப் பாதை போட்டபோது, தண்டவாளங்களுக்கு இடையே இருந்த அகலம் ஐந்தடி ஆறங்குலம். இலங்கையில் 1864இல் முதல் றெயில் ஓடியபோதும் அதே அகலந்தான். பின்னர் யாழ்ப்பாணத்துக்கு வந்ததும் அதுவே. அமெரிக்காவோடு பெட்டிகளை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதால் கனடாக்காரர் 1870களில் தங்கள் பாதையை ஒடுக்கிக்கொண்டார்கள். எங்களுடையது தீவு. பக்கத்திலிருந்த இந்தியாவும் அதே அகலத்தை வைத்திருந்தது. ஆகவே மாற்ற வேண்டிய தேவை வரவில்லை.

இந்த விபரத்தை நாங்கள் அறிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தால். றெஸ்ரோறன்ட் குசினியில் வேலை செய்பவர்களுக்கு ஞாயிறு என்று ஒன்று கிடையாது. ஊரார் சாப்பிட வரும் நாளில்தான் எங்களுக்கு முதுகு முறியும். அந்த முறை கடையில் திருத்தவேலை நடந்தது, இரண்டு நாள் பூட்டியிருந்தது. ரூஜிலிருந்து ஒரே காரில் ஐந்து பேர் அக்ஸ்பிரிட்ஜுக்குப் போனோம். அங்கே யோர்க்-டர்ஹம் மரபு றெயில்வே என்ற பெயரில், தொண்டர்கள் சேர்ந்து 1996 முதல் பழைய பெட்டிகளில் உல்லாசப் பயணம் நடத்தி வந்தார்கள். 1904இல் கட்டப்பட்ட நிலையத்தின் கூரை கதைகளில் வரும் சூனியக்காரியின் தொப்பி போலக் கூம்பாக இருக்கிறது. எஞ்சின் ஐம்பதுகளில் செய்த டீசல்.

அந்தப் பாதையின் கதை சுவையானது. ஜோர்ஜ் லெயிட்லோ என்ற ஸ்கொட்லாந்துக்காரரின் யோசனை அது. பணம் போட்டவர்களில் முக்கியமானவர்கள் ரொறன்ரோவில் பெரிய சாராய வடிசாலை வைத்திருந்த குடர்ஹம் குடும்பத்தார். வடிசாலைக்குத் தானியம் வேண்டும், நகரத்துக்கு விறகு வேண்டும். செலவைக் குறைக்க மூன்றடி ஆறங்குல அகலத்தில் போட்டார்கள். 1871இல் அக்ஸ்பிரிட்ஜுக்கும், அடுத்த வருடம் கோபோகொங்க் என்ற சிற்றூருக்கும் போய்ச் சேர்ந்தது. ரொறன்ரோ-நிப்பிசிங் றெயில்வே என்று பெயர் வைத்தார்களே தவிர நிப்பிசிங் ஏரியை அது எட்டவேயில்லை. பெயர்ப்பலகையில் உள்ள ஊருக்குப் போகாத றெயில்! பத்துப் பன்னிரண்டு வருடங்களில் அகலத்தை மாற்றி, கம்பெனி கைமாறி, 1923இல் அரசாங்கத்தின் சீ.என். கைக்கு வந்தது. இன்று கோ றெயில் கென்னடி, அஜின்கோர்ட், மிலிக்கன், மார்க்கம் என்று எம்மவர்கள் செறிந்து வாழும் இடங்களுக்குள்ளால் ஓடுவது இதே பாதையில்தான். வேலைக்குப் போகும் எங்கள் ஆட்கள் தினமும் குடர்ஹமின் விறகுப் பாதையில் பயணம் செய்கிறார்கள்.

பயணத்தில் கோப்பியும் சாண்ட்விச்சும் கேக்கும் கிடைத்தன. நரைத்த தலையுள்ள ஒரு பெண்மணி தட்டை ஏந்தி, ஆட்டத்துக்கு ஏற்பக் காலை அகட்டி நடந்து வந்து எங்கள் முன் வைத்தார். மற்றவர் எங்களுக்குப் பரிமாறுவது பழக்கமில்லாத காரியம். எங்களில் ஒருவர் எழுந்து தட்டை வாங்கப் போய்விட்டார். சாண்ட்விச் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் ஆடுகிற குசினியில் கொதிக்கும் தண்ணீரோடு நிற்பது என்ன வேலை என்று எங்களுக்குத் தெரியும்.

மரபு, பாரம்பரியம் என்று சொல்லும்போது வெள்ளை மேசைவிரிப்பும் பித்தளைக் கைபிடியுந்தான் நினைவுக்கு வருகின்றன. விரிப்பைத் தோய்த்தவர் வருவதில்லை. கனடாவின் நெடுந்தூர றெயில்களில் படுக்கைப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் கறுப்பின ஆண்கள். அவர்களுக்கு என்ன பெயர் இருந்தாலும் பயணிகள் 'ஜோர்ஜ்' என்றே கூப்பிட்டார்கள், முதலாளி புல்மனின் முதற்பெயர் அது. ஏற்கனவே இருந்த சங்கம் அவர்களைச் சேர்க்காததால் 1917இல் வினிப்பெக்கில் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். கனேடியன் பசுபிக்கோடு முதல் ஒப்பந்தம் 1945இல்தான் கைகூடியது. மலைகளை உடைத்துப் பாதை போட்ட சீனர்கள் ஆயிரக்கணக்கானோர். 1885இல் வேலை முடிந்ததும் அரசாங்கம் அவர்களுக்குச் செய்த கைம்மாறு, புதிதாக வரும் சீனர் ஒவ்வொருவருக்கும் ஐம்பது டொலர் தலைவரி. கண்டிப் பாதையில் காய்ச்சலில் மாண்ட தமிழ்க் கூலிகளுக்கு அதுவும் இல்லை, கணக்கே இல்லை.

திரும்பும் வழியில் தொண்டர் ஒருவர், ஓய்வுபெற்றவர், எங்கள் நாட்டில் றெயில் உண்டா என்று கேட்டார். கொழும்புத் திட்ட உதவியாக 1954 முதல் கனடா இலங்கைக்கு டீசல் எஞ்சின்கள் கொடுத்தது. ஒன்ராறியோவின் லண்டன் நகரில் செய்தவை. ஒன்ராறியோ, அல்பேர்ட்டா, கியூபெக், மனிற்றோபா என்று மாகாணப் பெயர்களே அவற்றுக்கு வைக்கப்பட்டன. அவை வடக்குப் பாதையிலும் ஓடின. அகதி மனுவில் 'ஒன்ராறியோ' என்று எழுதுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அந்தச் சொல் எங்கள் ஊர்களினூடாகக் கூவிக்கொண்டு போயிருக்கிறது. இதைச் சொன்னபோது அவர் கொப்பியை எடுத்து இலக்கம் கேட்டார். மனிற்றோபாவின் இலக்கம் 591. 2004 டிசம்பர் 26இல் பெரலியவில் கடல் புரட்டிப்போட்ட றெயிலை இழுத்துச் சென்றது அதுதான். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அதில் இறந்தார்கள். எஞ்சினைத் திருத்தி மீண்டும் ஓடவிட்டார்கள். அவர் எழுதுவதை நிறுத்தி, கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார்.

எங்களுடைய பாதைக்கு வருவோம். 1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே ஓடத் தொடங்கி, 1905இல் கொழும்போடு இணைந்தது. 1956 ஏப்ரலில் யாழ்தேவி வந்தது. 1985 ஜனவரியில் முறிகண்டிப் பக்கம் இராணுவத்தினரும் பயணிகளும் இருந்த யாழ்தேவி தகர்க்கப்பட்டது. 1990 ஜூனில் எல்லாம் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர்கட்டையும் பங்கருக்குப் போயின. இதை ஒரு தரப்பு மாத்திரம் செய்யவில்லை, இரு தரப்பும் செய்தன. இதே கால்நூற்றாண்டில்தான் இங்கே சிலர் ஓய்வுநேரத்தில் பழைய பெட்டிகளுக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள்மேல் எங்களுக்குப் பொறாமையில்லை என்று சொல்லமாட்டோம்.

எங்கள் வயதுக்காரருக்கு, அதாவது யுத்தத்தில் பல்கலைக்கழகத்தை இடையில் விட்டு வந்தவர்களுக்கு, கோச்சி என்பது அம்மாமார் சொன்ன கதை. நாங்கள் கண்டது பற்றை மண்டிய ஒரு மண்மேடு, பள்ளிக்கூடத்தில் மணியாகத் தொங்கிய ஒரு தண்டவாளத் துண்டு. இந்தியக் கடனில் 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் றெயில் திரும்பியபோது நாங்கள் இங்கே கோப்பை கழுவிக்கொண்டிருந்தோம். போட்டது புதுத் தண்டவாளம். பழையதை யாரும் தேடவில்லை.

ஸ்காபரோவின் முதியோர் மாடிகளில் இலங்கை றெயில்வேயில் வேலை பார்த்தவர்கள் இன்னும் ஒருசிலர் இருக்கிறார்கள். ஒரு பழைய கார்ட் ஐயாவிடம் நாங்கள் போய்வரத் தொடங்கியிருக்கிறோம். ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டிகள் முட்டாமலிருக்க, நிலைய அதிபர் வளையத்தில் கோத்துக் கொடுக்கும் தப்லெற்றை ஓடும் எஞ்சினிலிருந்து எப்படிப் பிடிப்பது என்று கையை நீட்டிக் காட்டினார். நாங்கள் எழுதிக்கொண்டோம். மதவாச்சியைத் தாண்டுவதற்குள் அவருக்குக் களைப்பு வந்துவிட்டது. எங்கள் கடை பூட்டுவது திங்கட்கிழமை. வருகிற திங்கள் வவுனியாவிலிருந்து தொடங்குவதாகச் சொல்லியிருக்கிறார்.