ஒலிம்பியாவும் விக்ரோரீன் மெரானும்

ஓவிய வரலாறு என்ற பெயரில் இதுகாறும் எழுதப்பட்டவற்றுட் பெரும்பாலானவை ஓவியர்களின் வரலாறுகளே. ஓவியன் பிறந்த ஊர், அவன் பயின்ற ஆசிரியர், அவனைப் பாதித்த இயக்கங்கள், அவனை ஆதரித்த செல்வந்தர் ஆகியன பற்றி விரிவாகப் பேசும் நூல்கள், அவன் எதிரே மணிக்கணக்காக அசையாது அமர்ந்திருந்த பெண்ணை ஓரிரு வரிகளிற் கடந்துவிடுகின்றன. அவ்வோரிரு வரிகளும் பல சந்தர்ப்பங்களில் ஆவணங்களிலிருந்து பெறப்பட்டவையல்ல. ஓவியத்தைப் பார்த்தே ஊகிக்கப்பட்டவை. மொனா லீசாவின் புன்னகைக்கு எத்தனையோ மர்மங்கள் கற்பிக்கப்பட்ட பின்னர், ஹைடல்பேர்க் பல்கலைக்கழக நூலகத்திலுள்ள பழைய நூலொன்றின் ஓரத்தில் 1503 ஆம் ஆண்டில் எழுதப்பட்ட குறிப்பொன்று 2005 இற் கண்டறியப்பட்டது. அப்பெண் புளோரன்ஸ் நகரப் பட்டு வணிகர் ஒருவரின் மனைவி லீசா என்ற பழைய செய்தியையே அது உறுதிப்படுத்திற்று. லீசாவுக்குக் கணவனும் குடும்பமும் சொத்தும் இருந்தன. ஆதலால் அவர் பெயர் ஏதோவொரு பதிவேட்டில் எஞ்சியிருந்தது. கூலிக்கு அமர்ந்த பெண்களின் நிலை அதுவன்று. அத்தகைய ஒரு பெண்ணின் வாழ்க்கை எவ்வாறு மறைக்கப்பட்டது என்பதையும், எச்சான்றுகளைக் கொண்டு அது மீட்கப்பட்டது என்பதையும் இங்கு நோக்குவோம்.

எதுவார் மனே (1832–1883) வரைந்த 'ஒலிம்பியா', 1865 இற் பாரிஸ் நகரிலே 'சலோன்' எனப்பட்ட அரச ஓவியக் கண்காட்சியில் வைக்கப்பட்டபோது எழுந்த கூச்சலைக் கலை வரலாறு பயில்வோர் அறிவர். படுக்கையில் ஆடையின்றிச் சாய்ந்திருக்கும் ஓர் இளம்பெண்; கழுத்திலே கறுப்புப் பட்டியொன்று; காலடியிற் கறுப்புப் பூனை; அருகே மலர்க்கொத்தொன்றை நீட்டி நிற்கும் கறுப்பினப் பணிப்பெண். ஆடையற்ற பெண்ணுருவம் பாரிஸ் இரசிகர்களுக்குப் புதியதன்று. இத்தாலிய ஓவியர் திசியன் 1538 இல் வரைந்த வீனசைத் தழுவியே மனே தம் ஓவியத்தின் அமைப்பை வகுத்திருந்தார். ஆயின் தேவதை என்ற திரையை அவர் அகற்றிவிட்டார். அவருடைய ஓவியத்திலிருந்தவள் பாரிஸ் நகரத்துப் பெண். தன்னைப் பார்ப்பவனைத் திரும்பி நேருக்கு நேர் பார்க்கும் பெண். பணத்துடன் வருபவனை அளவெடுக்கும் பார்வை அது. அக்காலப் பரத்தையரிடையே 'ஒலிம்பியா' என்பது வழங்கிய பெயராதலால், ஓவியம் எதனைச் சுட்டுகிறது என்பதில் எவருக்கும் ஐயமிருக்கவில்லை. விமர்சகர்கள் அவ்வுடலைப் பிணவறைப் பிணத்துக்கு ஒப்பிட்டனர். மக்களின் சினத்திலிருந்து ஓவியத்தைக் காக்கக் காவலர் நிறுத்தப்பட்டனர். ஈற்றில் அது கை எட்டாத உயரத்தில், வாயிலொன்றின் மேலே மாட்டப்பட்டது.

அந்த ஓவியத்துக்கு அமர்ந்தவரே விக்ரோரீன் மெரான்.

அவர் 1844 பெப்ரவரி 18 ஆம் திகதி பாரிசிற் பிறந்தவர். தந்தை வெண்கலப் பொருள்களுக்கு நிறமூட்டி மெருகிடும் தொழிலாளி. தாய் பெண்களுக்கான தொப்பிகள் செய்பவர். கைத்தொழிலால் வாழ்ந்த குடும்பம் அது. பதினாறு வயதளவில் தோமா குத்தூர் என்ற ஓவிய ஆசிரியரின் கலைக்கூடத்தில் அவர் மாதிரியாக அமரத் தொடங்கினார். மனேயும் முன்னர் அதே ஆசிரியரிடம் பயின்றவர்தாம். ஆனால் அவர் நீதித்துறை உயர் அதிகாரியொருவரின் மகன். ஒரே கூடத்தின் வாயிலால் ஒருவர் மாணவராகவும் மற்றவர் கூலிக்காரராகவும் நுழைந்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

1862 முதல் மனே அவரைத் தொடர்ந்து வரைந்தார். அவ்வாண்டில் வரைந்த 'தெருப்பாடகி'யில் கித்தாரொன்றுடன் உணவு விடுதியிலிருந்து வெளியே வரும் பெண் அவரே. அதே ஆண்டில் ஸ்பானியக் காளைப்போர் வீரனின் ஆணுடையில் வாளேந்தி நிற்பவரும் அவரே. 1863 இற் பெரும் சர்ச்சையைத் தோற்றுவித்த 'புல்வெளியிற் பகலுணவு' ஓவியத்தில் உடையணிந்த ஆடவர் இருவரிடையே ஆடையின்றி அமர்ந்திருப்பவரும் அவரே. பத்தாண்டுகளின் பின்னர், 1873 இல் வரையப்பட்ட 'புகையிரதப் பாதை'யில் மடியில் நாய்க்குட்டியுடனும் விரித்த புத்தகத்துடனும் நிமிர்ந்து பார்க்கும் கண்ணியமான பெண்ணும் அவரே. இவ்வளவு வேறுபட்ட பாத்திரங்களை ஏற்க முடிந்தமை ஒரு தொழில் திறமை. காளைப்போர் உடையிற் கண்டதால் விக்ரோரீன் காளையை எதிர்க்கச் சென்றவர் என ஒருவரும் எழுதவில்லை. புகையிரதப் பாதையோரத்திற் சிறுமியொருத்தியுடன் கண்டதால் அவருக்கு ஒரு மகளைக் கற்பிக்கவும் இல்லை. ஆனால் பரத்தையின் படுக்கையிற் கண்டதை மட்டும் அவருடைய சொந்தச் சரித்திரமாகவே எடுத்துக்கொண்டனர். பிற்காலத்தார் எழுதியவற்றில் அவர் ஒழுக்கம் கெட்டவர், குடிகாரி, மதுச்சாலை மதுச்சாலையாகத் திரிந்து கித்தார் வாசித்துக் காசு பெற்றவர், அழகு கெட்டதும் அழிந்துபோனவர் என்றெல்லாம் வருணிக்கப்பட்டார். மனேயின் வரலாற்றாசிரியர்களுள் முக்கியமானவராகிய தபரானும் இச்சித்திரத்தையே வளர்த்தார். ஒருவர் எழுதியதை அடுத்தவர் எடுத்தாள, கர்ணபரம்பரைக் கதை அடிக்குறிப்புகளின் ஆதரவுடன் வரலாறாகிவிட்டது.

இக்கதைக்கு எதிரான சான்று எங்கோ இரகசியமாகப் புதைந்து கிடக்கவில்லை. சலோன் கண்காட்சியின் அச்சிட்ட விவரப் பட்டியல்களிலேயே அது இருந்தது. 1870களின் நடுப்பகுதியில் விக்ரோரீன், எத்தியேன் லெருவா என்ற ஓவியரிடம் முறையாகப் பயிலத் தொடங்கினார். பிரான்சின் முதன்மையான அரச நுண்கலைக் கல்லூரி 1897 வரை பெண்களை மாணவராகச் சேர்க்கவில்லை என்பதை நினைவிற் கொண்டால், தொழிலாளர் குடும்பத்துப் பெண்ணொருவர் முப்பது வயதில் எடுத்த அம்முடிவின் கனம் விளங்கும். 1876 ஆம் ஆண்டுச் சலோனில் அவர் வரைந்த சுய உருவப்படம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதே ஆண்டு மனே அனுப்பிய இரு ஓவியங்களும் நிராகரிக்கப்பட்டன. அவற்றை அவர் தம் சொந்தக் கலைக்கூடத்திலேயே மக்களுக்குக் காட்ட நேர்ந்தது. 1879 இல் விக்ரோரீன் காட்சிக்கு வைத்த, பதினாறாம் நூற்றாண்டு நூரம்பேர்க் நகரப் பெண்மணியொருவரின் உருவப்படம் மனேயின் ஓவியங்கள் இருந்த அறையிலேயே தொங்கிற்று. மொத்தம் ஆறு தடவைகள் அவருடைய ஆக்கங்கள் சலோனில் இடம்பெற்றன. 1903 இற் பிரெஞ்சு ஓவியர் சங்கத்தின் உறுப்பினராகவும் அவர் தெரிவு செய்யப்பட்டார்.

அவர் பெரிய ஓவியரா என்று கேட்கலாம். இன்று நம் பார்வைக்குக் கிடைப்பன மிகச் சில. 1880களில் வரைந்த 'குருத்தோலை ஞாயிறு' 2004 இற் கண்டெடுக்கப்பட்டு, பாரிசை அடுத்த கொலோம்ப் நகர நூதனசாலையில் உள்ளது. 1876 ஆம் ஆண்டளவினதாகிய சுய உருவப்படமொன்றைப் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலை 2021 இற் பெற்றுக்கொண்டது. இவற்றைக் கொண்டு அவரை மனேக்கு நிகராக்க முயல்வது வீண் வேலை. மனே மரபை உடைத்தவர். விக்ரோரீன் மரபுவழிப் பாணியையே கற்று அதிலேயே நின்றவர். இருபதாம் நூற்றாண்டில் மரபுவழி ஓவியம் மதிப்பிழந்தபோது, அப்பாணியில் வரைந்த நூற்றுக்கணக்கானோருடன் அவரும் மறக்கப்பட்டார். அது எவருக்கும் நேர்வது. ஆனால் அவர் மறக்கப்பட்டதோடு நிற்கவில்லை; அவரிடத்தில் வேறொரு பெண் வைக்கப்பட்டாள் என்பதே இங்கு குறை கூறத்தக்கது.

பொஸ்ரன் நூதனசாலையில் மனே வரைந்த விக்ரோரீனின் முகமும் 'தெருப்பாடகி'யும் முன்னரே இருந்தன. பிறர் கண்ட விக்ரோரீனும் அவர் தம்மைத் தாமே கண்ட விக்ரோரீனும் இப்போது ஒரே கட்டடத்தில் இருப்பதால், ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவோர்க்கு அவ்வாய்ப்பு முதன்முறையாகக் கிட்டியுள்ளது.

இனி, அவருடைய வறுமை பற்றியது. அது கற்பனையன்று. 1883 ஏப்ரல் 30 இல் மனே காலமானார். சில மாதங்களில் அவருடைய மனைவி சுசானுக்கு விக்ரோரீன் ஒரு கடிதம் எழுதினார். ஓவியங்கள் விற்கப்பட்டால் தமக்கு ஒரு சன்மானம் தருவதாக மனே பலமுறை கூறியதையும், தாம் அமெரிக்கா சென்று திரும்பியபின் அவர் பணம் தர முன்வந்தபோது அதனை வாங்க மறுத்ததையும், இனி மாதிரியாக அமர இயலாத காலம் வரும்போது வாக்கை நினைவூட்டுவதாகத் தாம் சொல்லியிருந்ததையும் அதில் எடுத்துரைத்து, அக்காலம் எதிர்பார்த்ததிலும் விரைவாக வந்துவிட்டதென்று தெரிவித்தார். இக்கடிதத்தை இரப்போரின் கடிதமாகக் காட்டியோர் உளர். ஊன்றிப் படித்தால் அதன் தொனி வேறு. முடிந்த வேலைக்குரிய கணக்கொன்றை நிதானமாக நினைவூட்டும் தொழிலாளியின் குரல் அது. பணம் அனுப்பப்பட்டதற்குச் சான்று இல்லை.

ஏழாண்டுகளின் பின் 'ஒலிம்பியா' அமெரிக்கருக்கு விற்கப்பட்டுவிடலாம் என்ற அச்சம் எழுந்தது. ஓவியர் குளோட் மொனே நண்பர்களிடையே நிதி திரட்டினார். ஏறத்தாழ 20,000 பிராங்குக்கு அவ்வோவியம் மனேயின் மனைவியிடமிருந்து வாங்கப்பட்டு, 1890 இற் பிரெஞ்சு அரசுக்கு அன்பளிப்பாக வழங்கப்பட்டது. 1907 இல் அது லூவர் நூதனசாலைக்குள் நுழைந்தது. 1986 முதல் ஓர்சே நூதனசாலையில் உள்ளது. நிதி கொடுத்தவர் நோக்கம் உயர்ந்ததே. மனேயின் புகழைக் காத்ததோடு கணவனை இழந்த பெண்ணுக்கு உதவுவதும் அவர்கள் கருத்தாயிருந்தது. ஆயினும் அந்நிதியில் ஒரு பங்கு, அப்போது நாற்பத்தாறு வயதினராய் உயிரோடிருந்த விக்ரோரீனுக்கும் உரியது என்ற எண்ணம் எவர் மனத்திலும் உதித்ததாகத் தெரியவில்லை. 1890களில் துலூஸ் லோத்ரெக் என்ற ஓவியர் தம் நண்பர்களுக்கு அவரை 'ஒலிம்பியா' என்றே அறிமுகம் செய்து வைப்பாராம். சலோனிற் பல தடவை காட்சிக்கு வைத்த ஓவியரைச் சக ஓவியரே ஓவியத்தின் பெயரால் அழைத்தார் என்பது அக்கால மனப்பான்மைக்கு நல்ல உதாரணம்.

அழிந்துபோனார் எனப்பட்ட அப்பெண், மனே இறந்தபின் நாற்பத்துநான்கு ஆண்டுகள் வாழ்ந்தார். 1906 அளவிற் பாரிசை விட்டுக் கொலோம்ப் நகரிற் குடியேறி, மாரி டுபூர் என்ற பெண்ணுடன் ஒரே வீட்டிற் கடைசிவரை வாழ்ந்தார். வயலினும் கித்தாரும் கற்பித்தவர் அவர். இசை அவருடைய இன்னொரு சீவனோபாயம். குடிசன மதிப்பீட்டு அதிகாரிகள் தொழில் யாதெனக் கேட்டபோது, முதுமையிலும் அவர் 'கலைஞர்' என்றே பதிவு செய்வித்தார். 1927 மார்ச் 17 இல், எண்பத்துமூன்றாம் வயதிற் காலமானார். 1930 இல் மாரி டுபூரும் இறந்தபின், வீட்டில் எஞ்சியிருந்த பொருள்களை, வயலினும் அதன் பெட்டியும் உட்பட, முற்றத்திற் போட்டுக் கொளுத்தியதைப் பார்த்த அயலவர் சிலர் வயோதிபராகி நெடுங்காலத்தின் பின்னும் நினைவுகூர்ந்தனர். அந்நெருப்பில் அவருடைய ஓவியங்கள் எத்தனை போயினவோ. இச்செய்திகளைத் தேடித் திரட்டுவதில் முன்னின்றவர்களுள் அமெரிக்க ஆய்வாளர் யூனிஸ் லிப்ரன் குறிப்பிடத்தக்கவர். அவர் நூல் 1992 இல் வெளியாயிற்று.

இத்துடன் கட்டுரையை முடித்தால், 'ஒலிம்பியா'வில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள் என்பதை நாமும் மறந்தவராவோம். மலர்க்கொத்தேந்தி நிற்கும் பணிப்பெண்ணுக்கு அமர்ந்தவர் பெயர் லோர். மனேயின் 1862 ஆம் ஆண்டளவிலான குறிப்பேட்டில் அவர் மிக அழகிய கறுப்பினப் பெண் என்ற விவரத்துடன் முகவரியும் எழுதப்பட்டுள்ளது. துயிலரீஸ் பூங்காவிற் சிறுவர் விளையாடும் ஓவியத்தில் ஆயாவாகவும், இன்று இத்தாலியின் தூரின் நகரிலுள்ள தனி உருவப்படமொன்றிலும் மனே அவரை வரைந்திருக்கிறார். பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை 1848 இலேயே ஒழிக்கப்பட்டது; அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்குள், பாரிசின் வடபகுதியில் உழைத்து வாழ்ந்த கறுப்பின மக்களுள் லோரும் ஒருவர். விக்ரோரீனை வர்க்கக் கண்ணோட்டத்தில் மீட்க முனைந்தவர்களிற் பலர்கூட லோரை வெள்ளை உடலின் பின்னணி நிறமாகவே கண்டனர். 2018 இல் நியூயோர்க்கில் டெனிஸ் மரெல் என்ற ஆய்வாளர் ஒழுங்கு செய்த கண்காட்சியும், அதன் தொடர்ச்சியாக 2019 இல் ஓர்சே நூதனசாலையில் நிகழ்ந்த கண்காட்சியும் தாம் அவரைப் பெயர் சொல்லி ஆய்வுக்குரியவராக்கின.

விக்ரோரீனுக்குச் சலோன் பட்டியலும் கடிதமும் குடிசனப் பதிவும் கைகொடுத்தன. லோர் எதையும் காட்சிக்கு வைத்தவரல்லர். அவர் எழுதிய கடிதமும் நமக்குக் கிடைக்கவில்லை. மனேயின் பென்சில் எழுத்தில் நின்றது ஒரு பெயரும், வின்ரிமில் வீதி 11 ஆம் இலக்கம், மூன்றாம் மாடி என்ற முகவரியுமே.