தண்ணீர் பார்க்கப் போன கதை

திருச்சிராப்பள்ளி வாசிகளின் பேச்சில் ஒரு விசித்திரமான வழக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலையில் குடும்ப சமேதராய் முக்கொம்புக்கோ கல்லணைக்கோ போய்த் திரும்புகிறவர்களை அடுத்த வீட்டார் வழிமறித்து, எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டால், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ‘பிக்னிக்’ என்று உற்சாகமாய்ச் சொல்வார்கள். பெரியவர்களோ, ‘சும்மா, தண்ணி பார்க்கப் போயிருந்தோம்’ என்பார்கள். ஆற்றைப் பார்க்க என்று அவர்கள் சொல்வதில்லை. ஆறு ஊருக்குள்ளேயே கிடக்கிறது. ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் நிலையத்துக்கு வருகிறவர் தினந்தோறும் அதைக் கடந்தே ஆகவேண்டும். ஆனால் அந்த ஆற்றில் தண்ணீர் இருக்கும் மாதங்களும் உண்டு, இல்லாத மாதங்களும் உண்டு. ஆகவே பிரயாணம் செய்து பார்க்கத் தகுந்தது தண்ணீர்தான் என்பது இந்த ஊர்க்காரர்களின் தீர்மானம். அந்தத் தண்ணீரை எங்கே போய்ப் பார்ப்பது என்பதில் ஒரு நூற்றாண்டுக்குள் நேர்ந்துவிட்ட இடமாற்றமே எனக்கு இங்கே சொல்ல வேண்டிய விஷயமாகத் தோன்றுகிறது.

புதுவெள்ளம் வந்ததென்று கேட்டதும் ஊரே திரண்டு கரைக்கு ஓடுகிற வழக்கம் தமிழ்நாட்டில் புதியதன்று. வையையில் நீர் பெருகியபோது மதுரை மாந்தர் யானையும் குதிரையும் ஏறிப் புறப்பட்டதையும், பொன்னாற் செய்த சங்கு, நண்டு, இறால், வாளை மீன் ஆகியவற்றை ஆற்றுக்குக் காணிக்கையாக இட்டதையும் பரிபாடல் விஸ்தாரமாகச் சொல்கிறது. காவிரிக்கும் அப்படியொரு நீர்விழா கழார் என்னும் துறையில் நடந்ததை அகநானூற்றால் அறிகிறோம். கரிகாற் சோழன் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த விழா அது. அங்கே புனலாடிய ஆட்டனத்தியைக் காவிரி அடித்துக்கொண்டு போயிற்று. அவனைத் தேடி அழுதலைந்த மனைவி ஆதிமந்தியைக் கரிகாலனுடைய மகள் என்றே சிலப்பதிகாரம் கூறுகிறது. கல்லணையைக் கட்டியவனென்று நாடு போற்றும் அரசனுடைய குடும்பத்திலேயே ஆறு ஒருவனை அடித்துக்கொண்டு போயிருக்கிறது. இன்றைக்குக் கல்லணைப் பாலத்தில் நிற்கும் ‘ஆழமான பகுதி, குளிக்காதீர்கள்’ என்ற பலகையை ஒருவரும் படிப்பதில்லை. படித்தாலும் அது தமக்கில்லை என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

காவிரிக் கரையில் அந்தப் பழைய விழாவின் வாரிசாக நிலைத்து நின்றது ஆடி மாதம் 18-ஆம் நாளில் வரும் பதினெட்டாம் பெருக்கு. குடகு மலையில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிச் சில வாரங்களானபின், ஆற்றில் நுங்கும் நுரையுமாகச் செந்நீர் இரு கரையையும் தொட்டுக்கொண்டு ஓடுகிற காலம் அது. காவிரித் தாய் அப்போது சூல்கொண்டிருக்கிறாள், அவளுக்கு மசக்கை, ஆகையால் வாய்க்கு ருசியாகப் பல தினுசு அன்னம் ஆக்கிப் படைக்க வேண்டும் என்பது பெண்களின் நம்பிக்கை. இதைவிட நயமான காரணம் ஒன்றை வேறு எந்தத் தேசத்தாராவது தங்கள் வனபோஜனத்துக்குக் கற்பித்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

எங்கள் பாட்டி அன்றைக்கு விடியற்காலம் 3 மணிக்கே அடுப்பு மூட்டிவிடுவாள். புளிக்காய்ச்சல் முன்னிரவே தயாராகி நல்லெண்ணெய் மேலே மிதக்க ஜாடியில் இருக்கும். எலுமிச்சஞ் சாதமும் தேங்காய்ச் சாதமும் சர்க்கரைப் பொங்கலும் காலையில் ஆகும். தயிர் சாதத்துக்கு மட்டும் அவளிடம் ஒரு சாமர்த்தியம் உண்டு. சூடான சாதத்தைக் குழைய மசித்து, நிறையப் பாலை விட்டு, ஒரே ஒரு கரண்டித் தயிரைச் சேர்த்து மூடிவிடுவாள். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அது பால் சாதம். படித்துறையில் பூஜை முடிந்து, பிள்ளைகள் முழுகி எழுந்து, இலை போட்டு உட்காருகிற நேரத்துக்குச் சரியாக உறைந்து, புளிப்பேறாத பதத்தில் தயிர் சாதமாகியிருக்கும். வாழையிலையை அனலில் வாட்டி, கிழியாமல் மடித்துத் தூக்குகளின் வாயை மூடிக் கட்டுவதும் அவள் கைவேலையே. இந்த ஏற்பாடுகளைப் பார்த்தபின், ‘பிக்னிக்’ என்ற சொல் கடல் கடந்து வந்துதான் நமக்குக் கட்டுச்சோறு கட்டக் கற்பித்தது என்று ஒருவர் சொன்னால் அவரோடு வாதம் செய்யக்கூட மனம் வராது. 1950-இல் ‘பொன்னியின் செல்வன்’ எழுதத் தொடங்கிய கல்கி, கதையின் முதல் காட்சியை ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் அமைத்து, கட்டுச்சோற்றோடு வந்திருக்கும் ஜனங்களின் ஊடே தம்முடைய கதாநாயகனைக் குதிரையில் வரவிட்டதும் வாசகர்களுடைய வீட்டுச் சமையலறையை நன்றாக அறிந்துதான்.

ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபம் படித்துறையில் அன்று நிற்க இடம் இராது. மஞ்சளில் பிடித்த பிள்ளையாரும், காதோலை கருகமணியும், வெல்லம் கலந்த காப்பரிசியும், வெற்றிலை பாக்கும் வைத்து, வாழைமட்டையில் விளக்கேற்றிப் பெண்கள் ஆற்றில் விடுவார்கள். புதிதாக மணமானவர்கள் கல்யாண மாலையைப் பத்திரப்படுத்தி வைத்திருந்து அன்று கொண்டுவந்து நீரில் சேர்த்து, தாலிக்கயிற்றை மாற்றிக்கொள்வார்கள். ரங்கநாதர் தங்கைக்குச் சீர் கொடுப்பதாகச் சொல்லி, புடவையும் மாலையும் வெற்றிலையும் யானைமேல் வந்து காவிரியில் விடப்படும். தஞ்சைப் பக்கத்துச் சிறுவர்களுக்கோ அன்று சப்பரம் இழுப்பது ஒன்றே குறி; மரப்பலகையில் சக்கரம் பூட்டி, வண்ணத்தாள் ஒட்டி, உள்ளே ஒரு சாமி படத்தையும் வைத்துத் தெருத் தெருவாய் ஆறுவரைக்கும் இழுத்துப் போவார்கள்.

வெள்ளக் காலத்துக்கு இது என்றால், கோடைக்கு வேறொன்று இருந்தது. சித்திரைப் பௌர்ணமியன்று ஆற்றின் மணற்பரப்பில், முழங்கால் ஆழத்துக்கு ஊற்றுத் தோண்டி, தெளிந்த நீர் சுரக்கும்வரை காத்திருந்து, அதையே குடித்துக்கொண்டு நிலாச்சோறு உண்பது. பாட்டி நடுவில் உட்கார்ந்து உருட்டி உருட்டிக் கையில் போடுவாள். சுற்றியிருக்கும் பேரன் பேத்திகள் உள்ளங்கையைக் குழித்து வாங்குவார்கள். அந்த மணலில் பெரும்பகுதி கடந்த சில பத்தாண்டுகளில் லாரி ஏறிக் கட்டடங்களாகிவிட்டது. நாணலும் சீமைக்கருவேலும் மண்டிய மேடுபள்ளங்களில் இப்போது யாரும் இலை போட நினைப்பதில்லை.

இனி இடமாற்றத்துக்கு வருவோம். திருச்சிக்கு மேற்கே சுமார் 18 கிலோமீட்டர் தூரத்தில், எலமனூருக்கு அருகே, அகண்டமாய் வரும் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம், தெற்கே வருவது காவிரி. நடுவே கிடக்கிற தீவில் ஸ்ரீரங்கம். வந்த கிளை ஒன்றும் பிரிந்த கிளைகள் இரண்டுமாக மூன்று கொம்புகள் கூடுமிடமாதலால் அது முக்கொம்பு. இந்த இரண்டில் கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது, சரிவும் அதிகம். ஆகவே 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆண்டுக்காண்டு காவிரியின் வாயில் மணல் ஏறி மேடிட, வருகிற நீரெல்லாம் கொள்ளிடத்தின் வழியே கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. தஞ்சாவூர் ஜில்லாவின் வயல்கள் காய்ந்தன. அரசாங்கத்துக்கு நிலவரி குறைந்தது என்று சேர்த்துச் சொன்னால்தான் அதன்பின் நடந்த காரியத்தின் வேகம் விளங்கும். ஆர்தர் காட்டன் என்ற இளம் இராணுவ என்ஜினீயர் 1836-ஆம் ஆண்டையொட்டிக் கொள்ளிடத்தின் தலைப்பில் குறுக்கே ஓர் அணையைக் கட்டினார். அப்போது அவருக்கு வயது 33. அடிகாணாத மணலின்மேல் அஸ்திவாரம் இடும் வித்தையைத் தாங்கள் பழைய கல்லணையிடமிருந்தே கற்றுக்கொண்டதாக அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். மேலணை என்று கணக்கில் எழுதப்படும் அந்தக் கட்டடத்தைத்தான் நாம் முக்கொம்பு என்ற பெயரால் ‘பார்த்துவிட்டு’ வருகிறோம்.

தீவின் கீழ்க்கோடியில் இருப்பது கல்லணை. 1,080 அடி நீளமுள்ள பழைய கற்கட்டு. அதன்மேல் 19-ஆம் நூற்றாண்டில் ஏறிய பாலமும் கதவுகளும். முக்கொம்பில் இரண்டாய்ப் பிரிந்த ஆறு இங்கே கொள்ளிடம், காவிரி, வெண்ணாறு, புதுஆறு என்று நான்காய் நிற்கிறது. யானைமேல் வீற்றிருக்கும் கரிகாலன் சிலைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்களில் எத்தனை பேர், தங்கள் காலடியில் சிமெண்டுக்கும் கீழே, சுண்ணாம்புச் சாந்தும் இல்லாமல் அடுக்கிய கற்கள் கிடப்பதை நினைக்கிறார்களோ தெரியாது.

காட்டன் கட்டிய பிறகும் ஒரு நூற்றாண்டு வரையில் ஜனங்கள் தண்ணீர் பார்க்கப் படித்துறைக்கே போனார்கள் என்று நினைக்கிறேன். ஏனென்றால் தண்ணீர் தானாக வந்தது. எப்போது வரும் என்பது மலைக்கும் மேகத்துக்கும் உள்ள விவகாரம். 1924-ஆம் ஆண்டு ஜூலையில் வந்ததுபோல் ஊர்களை அழித்துக்கொண்டு வருவதும் அந்த விவகாரத்தில் சேர்ந்தது. 1934-இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டதும் இந்த உறவு மாறிப்போயிற்று. அதன்பின் தண்ணீர் ‘வருவதில்லை’, ‘திறந்து விடப்படுகிறது’. ஜூன் மாதம் 12-ஆம் தேதி என்று அதற்கொரு நாளும் வழக்கத்தில் ஏற்பட்டது. அணையின் மட்டம் 120 அடியில் எத்தனை அடி என்பது, முன்பு பஞ்சாங்கத்தில் மழைக்குறிப்புப் பார்த்த அதே ஆவலோடு, தினப்பத்திரிகையில் பார்க்கப்பட்டது. மேட்டூரில் திறந்தது என்றைக்கு மாயனூர் தாண்டும், என்றைக்கு முக்கொம்பு வரும் என்று திண்ணையில் கணக்குப் போட்டார்கள். அப்படிக் கணக்குப் போட்டவர்களுக்கு, தண்ணீர் படித்துறைக்கு வரும்வரை காத்திருக்கப் பொறுக்கவில்லை. எந்த இடத்தில் அது பங்கிடப்படுகிறதோ அந்த மதகுக்கே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. இந்த ஆசையிலிருந்துதான் திருச்சியின் உல்லாசப் பிரயாணங்கள் பிறந்தன என்பது என் அபிப்பிராயம். பூங்காவும் ஊஞ்சலும் பின்னால் வந்து சேர்ந்தவை.

பொதுப்பணித் துறையாரின் ஆய்வு மாளிகையும், அதைச் சுற்றிய நிழல் மரங்களும் முக்கொம்பில் முன்னமே இருந்தன. எலமனூரில் ரயிலிலிருந்து இறங்கித் தூக்கும் ஜமக்காளமுமாக நடந்து போனவர்கள் அந்த மரங்களடியில் உட்கார்ந்தார்கள். பிறகு பஸ் வந்தது. இருபுறமும் வாழைத் தோப்பு நெருங்கி நிற்கும் கரூர்ச் சாலை வழியே போகும் அந்தப் பிரயாணமே பாதி இன்பம். கூட்டம் பெருகவே வியாபாரமும் பெருகிற்று. மாங்காய்ப் பத்தையும் வெள்ளரிப் பிஞ்சும் மிளகாய்ப்பொடி தடவி விற்கிறவர்கள், வேர்க்கடலைக்காரர்கள், எல்லாரையும் மிஞ்சி மீன் வறுப்பவர்கள். கெண்டையையும் ஜிலேபியையும் கீறி, சிவக்க மசாலாப் பூசி, கண்ணெதிரே இரும்புச் சட்டியில் போட்டு எடுக்கிற வாசனை, புளியோதரைத் தூக்கோடு வந்த ஆசாரக் குடும்பங்களைச் சற்றுத் தள்ளி உட்கார வைத்தது. பிள்ளைகளைக் கொஞ்சம் கிட்டே இழுத்தது. குரங்குகளுக்கு இந்தப் பேதமெல்லாம் கிடையாது. எங்கள் வீட்டு எலுமிச்சஞ் சாதம் ஒரு தடவை பொட்டலத்தோடு மரமேறியது. பாட்டி அதையும் காவிரிக்குப் படைத்ததாகவே வரவு வைத்துக்கொண்டாள்.

2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் தேதி இரவு, கொள்ளிடத்தில் பெருவெள்ளம் போய்க்கொண்டிருக்கையில், மேலணையின் மதகுகளில் ஒன்பது இடிந்து அடித்துச் செல்லப்பட்டன. கட்டடத்தின் முதுமையா, படுகையிலிருந்து மணலை வாரியதா என்று பலநாள் விவாதம் நடந்தது. நிலாச்சோற்றுக்கு மணல் இல்லாமற்போனதைக் கண்டவர்களுக்கு இரண்டாவது காரணத்தை நம்புவதில் சிரமம் இருக்கவில்லை. மறுநாள் தொட்டு முக்கொம்புக்குச் சென்ற கூட்டம் ஆடிப்பெருக்குக் கூட்டத்துக்குக் குறைந்ததன்று. அதுவும் தண்ணீர் பார்க்கப் போன கூட்டம்தான். பாறாங்கற்களையும் மணல் மூட்டைகளையும் போட்டு அடைக்கும் வேலையைக் கயிற்றுக்கு இப்பால் நின்று, கடலை கொறித்துக்கொண்டு, உறவினருக்கு வைத்தியம் நடக்கிற அறைக்கு வெளியே நிற்கிறவர்களைப்போலக் கவலையோடு பார்த்தார்கள். பின்னர் அருகிலேயே புதிய கதவணை எழுந்தது.

மழை பொய்த்த வருஷங்களில் பதினெட்டாம் பெருக்குக்கு ஆற்றில் பெருக்கு இராது. அப்போது படித்துறையில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குழாய்களில் ஏற்றிப் பூவாளிபோல் தெளிக்கச் செய்து, அதன்கீழ் ஜனங்களை ஸ்நானம் செய்ய வைப்பார்கள். அப்படிப்பட்ட ஒரு வறண்ட ஆடிக்குப் பின் வந்த நல்ல வருஷத்தில், பெருக்குக்கு முதல்நாள் மாலை, நான் முக்கொம்பில் மதகுப் பாலத்தின்மேல் நின்றிருந்தேன். கீழே, கதவுகளுக்கு அடியிலிருந்து புரண்டு வெளிப்பட்ட செந்நீரின் சாரல் முகத்தில் அடித்தது. என் பக்கத்தில், இடுப்பில் ஒரு பேத்தியோடு நின்றிருந்த மூதாட்டி, கதவின் திருகைச் சுற்றிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்த லஸ்கரை அழைத்தாள்.

“எவ்வளவு விட்டிருக்கீங்க, தம்பி?”

அவர் கன அடியில் ஏதோ ஆயிரக்கணக்கில் ஒரு தொகையைச் சொன்னார். கிழவி அதைச் சற்று நேரம் யோசித்தாள்.

“அம்மா மண்டபத்துல எத்தனை படி முழுகும்?”

“அது தெரியாது, ஆத்தா. எங்களுக்குக் கன அடிக் கணக்குதான்.”

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, கருகமணியும் காதோலையும் சுற்றியிருந்த மஞ்சள் துணியை எடுத்து, நாளைக்குப் படித்துறைக்குக் கொண்டுபோக வைத்திருந்ததோ என்னவோ, ஒரு கணம் தயங்கி, பிறகு பேத்தியின் கையில் கொடுத்துக் கம்பிக்கு அப்பால் போடச் சொன்னாள். அது ஷட்டரின் விளிம்பில் பட்டு, நுரைக்குள் விழுந்து, ஸ்ரீரங்கம் இருக்கும் திசையில் போயிற்று.