ஆவடி வழியாகப் பூந்தமல்லி: விர்ச்சுவல் லிங்க்கும் டனலும்

மேனாம்பேட்டில் குடியிருக்கிறேன், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறேன். தலைமை அலுவலகம் எஸ்டேட்டில், கிடங்கு ஆவடியில். பிறகு பூந்தமல்லியில் ஒரு யூனிட் தொடங்கினார்கள். அங்கிருந்து எஸ்டேட்டுக்கு நேர் லைன் கிடைக்கவில்லை, ஆவடி வரைக்கும்தான் கிடைத்தது. எங்களிடம் ஓடுவது ஓஎஸ்பிஎஃப் என்ற ரூட்டிங் முறை. எஸ்டேட் ஏரியா 0, ஆவடி ஏரியா 1, பூந்தமல்லி ஏரியா 2. ஏரியா 2 எங்கேயும் ஏரியா 0-ஐத் தொடவில்லை.

தொட்டே ஆக வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. ஒரே ஏரியாவில் உள்ள ரூட்டர்கள் அந்த ஏரியாவின் முழு வரைபடத்தையும் வைத்துக்கொண்டு குறுகிய வழியைத் தாமே கணக்கிடுகின்றன. எல்லை தாண்டும்போது வரைபடம் போவதில்லை. இந்த நெட்வொர்க்குக்கு என் வழியாக வந்தால் இவ்வளவு செலவு என்ற சுருக்கம் மட்டுமே போகிறது. பக்கத்து ரூட்டரின் சொல்லை நம்பி நடக்கும் இடத்தில் பாக்கெட் சுற்றிச் சுற்றி வர வாய்ப்புண்டு. அதைத் தடுக்கத்தான் ஏரியாக்களுக்கு இடையிலான எல்லாமே ஏரியா 0 வழியாகப் போக வேண்டும் என்று வைத்தார்கள். தொடாத ஏரியாவைச் சேர்க்க, ஜான் மோய் எழுதி 1998 ஏப்ரலில் வெளியான ஆர்எஃப்சி 2328 காட்டும் வழி விர்ச்சுவல் லிங்க். களத்தில் பலர் கையாளும் வேறொரு வழி, ஜிஆர்இ டனல் ஒன்றைப் போட்டு அதை ஏரியா 0-இல் சேர்த்துவிடுவது.

நான் முதலில் போட்டது, ஆவடிக்கும் எஸ்டேட்டுக்கும் இடையே ஒரு டனல். பழகிய வேலை, கால் மணி நேரத்தில் முடிந்தது. பூந்தமல்லியில் பில் போட முடிந்தது, பிங் போனது. பெரிய டிராயிங் ஃபைலை அனுப்பினால் மட்டும் பாதியில் நின்றது. ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் டனல் 24 பைட் உறை மாட்டுகிறது; 1500 போக வேண்டிய இடத்தில் 1476தான் போகும். பாக்கெட்டைச் சிறிதாக்கச் சொல்லும் ஐசிஎம்பி செய்தியை எங்கள் ஃபயர்வாலே தடுத்துக்கொண்டிருந்தது. டிசிபி எம்எஸ்எஸ் அளவை 1436 ஆக்கிய பிறகு ஃபைல் போனது.

இன்னொன்று போகப்போகத்தான் தெரிந்தது. ஆவடிக் கிடங்கிலிருந்து எஸ்டேட்டுக்குப் போகும் டேட்டாவும் டனலுக்குள் நுழைந்திருந்தது. டனலின் செலவை எவ்வளவு ஏற்றினாலும் வெளியே வரவில்லை. ஆவடி ரூட்டர் இப்போது ஏரியா 0-இல் ஓர் உறுப்பினர். ஏரியாவுக்குள்ளேயே ஒரு வழி இருந்தால், ஏரியா மாறிப் போகும் வழியை ஓஎஸ்பிஎஃப் திரும்பியும் பார்ப்பதில்லை. செலவை ஒப்பிடுவது அதற்குப் பிறகுதான். நல்ல லைன் பக்கத்திலேயே இருக்க, அதே லைனில் உறை மாட்டிக்கொண்டு எல்லாம் போய்க்கொண்டிருந்தது.

டனலை எடுத்துவிட்டு விர்ச்சுவல் லிங்க்குக்கு மாறினேன். அதில் இந்தத் தொல்லை கிடையாது. பெயரைக் கேட்டு அதுவும் ஒரு டனல் என்று நினைப்பவர்கள் பலர். அதில் போவது ஓஎஸ்பிஎஃப்பின் பேச்சு மட்டும். டேட்டா உறையில்லாமல் ஏரியா 1-இன் வழக்கமான வழியிலேயே போகிறது. செலவும் அந்த வழியின் உண்மையான செலவுதான். எஸ்டேட் ரூட்டரில் 'ஏரியா 1 விர்ச்சுவல்-லிங்க் 2.2.2.2', ஆவடியில் அதே வரி, எண் மட்டும் 1.1.1.1.

அந்த எண்ணில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பார்க்க ஐபி முகவரி போல இருந்தாலும் அது ரூட்டர் ஐடி. கையால் எழுதி வைக்காவிட்டால், எங்கள் ரூட்டர் தன் லூப்பேக் முகவரிகளில் பெரியதை ஐடியாக எடுத்துக்கொள்ளும். வேறொரு வேலைக்காக ஆவடியில் ஒரு லூப்பேக் சேர்த்திருந்தேன். பல நாள் ஒன்றும் ஆகவில்லை. ஒரு ராத்திரி கரண்ட் போய், யூபிஎஸ்ஸும் தீர்ந்து, ரூட்டர் அணைந்து எழுந்தபோது புது ஐடியோடு எழுந்தது. எஸ்டேட் ரூட்டர், இல்லாத 2.2.2.2-ஐத் தேடிக்கொண்டிருந்தது. காலையில் பூந்தமல்லியில் ஒரு பில் கூடப் போட முடியவில்லை. வாசலில் லாரிகள் நின்றன. தவறு என்னுடையது.

ஏரியா 0-இல் பாஸ்வேர்டு வைத்தால் விர்ச்சுவல் லிங்க்குக்கும் வைக்க வேண்டும். அதுவும் ஏரியா 0-இன் ஒரு பகுதிதான். ஆவடியில் ஏரியா 0-இன் கேபிள் ஒன்றுமே இல்லாததால் இது எளிதில் மறந்துபோகும்.

டனலுக்கு இந்த ஐடிப் பிரச்சினை இல்லை, இரு முனையிலும் முகவரிதான் கணக்கு. அது வெல்லும் இடம் ஒன்று: நடுவில் உள்ள ஏரியா ஸ்டப்பாக இருந்தால். வெளி ரூட்டுகளை ஸ்டப் ஏற்காது. வெளியே போகும் உறையில்லாத டேட்டாவுக்கு அங்கே உரிய வழி தெரியாது என்பதால் ஸ்டப் வழியாக விர்ச்சுவல் லிங்க் போட விதியே அனுமதிப்பதில்லை. உறைக்குள் இருப்பதை நடு ரூட்டர்கள் பிரித்துப் பார்ப்பதில்லை, அதனால் டனல் தாண்டிவிடும். ஆவடியில் பழைய ரூட்டர்களின் சுமையைக் குறைக்க ஏரியா 1-ஐ ஸ்டப் ஆக்கலாம் என்று ஒருமுறை பேச்சு வந்தது. ரூட்டரை மாற்றிக்கொள்வோம், ஏரியாவைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது இரண்டு பக்கமும் ரூட்டர் ஐடியைக் கையால் எழுதியிருக்கிறேன். ஆவடி ரேக்கின் கதவில் 2.2.2.2 என்று ஸ்டிக்கரும் ஒட்டியிருக்கிறது. பூந்தமல்லியிலிருந்து எஸ்டேட்டுக்கு நேர் லைன் கேட்டு எழுதியிருக்கிறோம். அது வந்த அன்றே அந்த இரண்டு வரிகளையும் எடுத்துவிடுவேன்.