கிளிவண்ண மலரின் நெடும்பயணம்

குளிர்காலத்தில் தில்லியின் பூச்சந்தைகளுக்குச் செல்வோர் கிளாடியோலஸ் மலரைக் காணாது திரும்புதல் அரிது. நெடிய தண்டில் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாய் இதழ் விரிக்கும் மலர் அது. 'சிறு வாள்' என்னும் பொருளுடைய அதன் இலத்தீன் பெயர் இலையின் வடிவால் வந்தது. காஷ்மீரத்துக் குங்குமப்பூவும் இதன் குடும்பத்தைச் சேர்ந்ததே. மணமில்லாமையால் நம் பெண்டிர் இதைச் சூடுவதில்லை. எனினும் இங்கு நிகழும் தமிழர் திருமண மேடைகளை இது அணிசெய்கிறது. இதன் முன்னோர் யாவர்?

ஆப்பிரிக்காவின் புல்வெளிகளிலும் மரங்கள் அடர்ந்திராத காடுகளிலும் தானே வளரும் கிளாடியோலஸ் டலேனை என்பது அவர்களுள் தலையாயது. செம்மஞ்சளும் மஞ்சளும் கலந்த நிறத்தால் அதற்குக் 'கிளி மலர்' என்னும் பொருள்படும் பெயரும் வழங்கியது. வறட்சியில் இலைகள் காய்ந்து மடிந்தாலும் மண்ணுக்குள் அதன் கிழங்கு உறங்கும். மழை வந்ததும் மீண்டும் துளிர்க்கும்.

1823-இல் இங்கிலாந்தின் செல்சீயில் கோல்வில் என்பவர் ஒரு கலப்பினத்தை உருவாக்கினார். அதன் மலர்கள் சிறியவை. கிளிவண்ண மலரைப் பெற்றோருள் ஒன்றாகக் கொண்டு பெல்ஜியத்தில் பிறந்த கலப்பினம் 1841-இல் விற்பனைக்கு வந்தது. பெரிய மலர்களின் வரலாறு அதிலிருந்தே தொடங்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், விக்டோரியா நீர்வீழ்ச்சிப் பகுதியில் பாலம் கட்டிய பொறியாளர் வாயிலாக இவ்வினத்தின் மஞ்சள் வகையும் இங்கிலாந்தை அடைந்து புதிய நிறங்களைத் தந்தது. அப்பாலம் 1905-இல் திறக்கப்பெற்றது.

அதே 1905-இல் பீகாரின் பூசா என்னும் ஊரில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் ஒன்று தோன்றியது. 1934-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் அது சிதைந்தது. 1936-இல் தில்லிக்குக் குடிபெயர்ந்தது. ஊர் மாறியும் பேர் மாறவில்லை. தில்லி மக்கள் அதை இன்றும் 'பூசா' என்றே அழைக்கின்றனர். அந்நிலையம் அக்னிரேகா, மயூர், சுசித்ரா முதலிய கிளாடியோலஸ் வகைகளை நாட்டுக்கு அளித்தது. மழைக்காலத்தில் பூக்கும் காட்டு மலரின் வழித்தோன்றல் இங்கே இலையுதிர் காலத்தில் நடப்பெற்றுக் குளிரில் பூக்கிறது. கோடை வருமுன் கிழங்கை அகழ்ந்து குளிர்பதனக் கிடங்கில் காக்கின்றனர்.

ஆண்டுதோறும் பழைய கிழங்கு சுருங்கி மடிய, அதன்மேல் புதுக்கிழங்கு உருவாகிறது. கிழங்கு வழியாகவே பெருகும் செடியில் தாய்க்கிழங்கின் நோயும் சேய்க்குச் சேரும். கிழங்கழுகல் நோய் வயல்களையே பாழாக்குவதுண்டு. இதற்கு ஈடுகொடுக்கும் ஆற்றலைக் காட்டினங்களில் தேடுவது ஆய்வாளர் மரபு. ஆகவே, எங்கோ ஆப்பிரிக்கப் புல்வெளி உழப்பட்டு அழியுமாயின், அவ்விழப்பு நம் தில்லித் தோட்டத்தையும் ஒரு நாள் வந்து சேரும்.

பிறந்த மண்ணை விட்டு வந்து வேற்று மண்ணில் வேரூன்றியோர் நாம். செடிக்கும் பிறந்தகம் ஒன்று உண்டு என்பதையும், அது அழியாதிருத்தல் வேண்டும் என்பதையும் நாம் எளிதில் உணர்வோம்.